தாராவியின் ராப் பாட்டுப் பிள்ளைகள்

400017. இது லாட்டரிச் சீட்டின் எண் அல்ல, தாராவியின் பின்கோடு. 1972-ல் நாடு முழுவதும் பின்கோடு முறை வந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணை வேலை விண்ணப்பத்தில் எழுதத் தயங்கியவர்கள் எத்தனையோ பேர். தாராவி என்று தெரிந்தால் இன்டர்வியூவுக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயந்து, சயான் என்றும் மாதுங்கா என்றும் உறவினர் விலாசத்தைக் கொடுத்த தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் "மாஹிம் பக்கம்" என்று சொல்லிச் சமாளித்த பெற்றோரும் உண்டு.

2019-ல் அதே எண் ஒரு பாட்டின் தலைப்பில் ஏறியது. எம்.சி. அல்தாஃப் என்ற தாராவி இளைஞரின் அந்த ராப் பாட்டுக்குப் பெயர் 'கோட் மும்பை 17'. தகப்பன் மறைத்த விலாசத்தை மகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொல்கிறான்! ஒரு தலைமுறைக்குள் நடந்திருக்கும் இந்த மாறுதல் சாதாரணமானதல்ல.

மாலை நேரத்தில் 90 அடி ரோடு, 60 அடி ரோடு பக்கம் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்திருப்பார்கள். தொளதொளவென்ற பனியன், தலையில் திருப்பிப் போட்ட தொப்பி, கழுத்தில் சங்கிலி, கையில் பச்சை குத்திய எழுத்து. நாலு பேர் வட்டமாக நிற்பார்கள். ஒருவன் வாயாலேயே மத்தளம் போல ஓசை எழுப்புவான். இன்னொருவன் அதற்கு ஈடுகொடுத்து மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டுவான். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். பார்க்கிற பெரியவர்கள், "இது என்ன கூத்து?" என்று முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டுவார்கள்.

கூத்துதான். ஆனால் இந்தக் கூத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

நியூயார்க்கில் ஒரு பிழைக்க வந்த பையன்

ஹிப் ஹாப் என்று உலகம் அழைக்கும் இந்தக் கலை அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. 1973 ஆகஸ்டு 11-ந் தேதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் கட்டிடத்தில், ஒரு பெண் பள்ளிக்கூடம் திறக்கும் முன் துணிமணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஒரு பாட்டு விருந்து வைத்தாள். இசைத்தட்டுகளைப் போட்டவன் அவள் அண்ணன், 18 வயதுப் பையன். கூல் ஹெர்க் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தப் பையன் ஜமைக்காத் தீவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை அவன் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். கூட்டம் ஆடியது. அந்தத் தாளத்தின் மீது பேச்சை ஏற்றியபோது ராப் பிறந்தது.

அன்றைய பிராங்க்ஸ் எப்படி இருந்தது? நடுவே பெரிய நெடுஞ்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். வேலை கொடுத்த தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்தன. 1970-களில் கட்டிடங்கள் வரிசையாகத் தீக்கு இரையாயின. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் சொந்தக்காரர்களே கொளுத்தியதும் நடந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் வாத்தியம் வாங்கக் காசு இல்லை. வாயும் காலும் சுவரும் இருந்தன. வாயால் ராப், காலால் பிரேக் டான்ஸ், சுவரில் சித்திரம் என்று கலை பிறந்தது. அந்த பிரேக் டான்ஸ் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் மேடை வரை போய்விட்டது.

தாராவிப் பிள்ளைகளுக்கு இந்தக் கலை ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

'டாக்' அல்ல, 'காட்'

2009 ஜனவரியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படம் இந்தியாவில் திரையிடப்பட்டது. படம் ஆஸ்கார் பரிசுகளை அள்ளியது. சேரியில் வாழ்கிறவர்களை நாய் என்பதா என்று குமுறல் எழுந்தது. அதற்குத் தாராவிப் பிள்ளைகள் சிலர் கொடுத்த பதில்தான் வேடிக்கை. தங்கள் பிரேக் டான்ஸ் குழுவுக்கு 'ஸ்லம்காட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'டாக்' என்பதைத் திருப்பிப் போட்டால் 'காட்' அல்லவா? நாய் என்ற இடத்தில் கடவுளை உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காசு வாங்காமல் ஆட்டம் கற்றுக்கொடுத்தார்கள்.

2015-ல் 'தாராவி ட்ரீம் பிராஜெக்ட்' என்ற பெயரில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் ஹிப் ஹாப் பள்ளி ஒன்று தொடங்கியது. ராப், வாய்த்தாளம், ஆட்டம், சுவர்ச் சித்திரம் எல்லாம் அங்கே இலவசப் பாடங்கள்.

நாலு மொழியில் ஒரு பாட்டு

தாராவிப் பாட்டில் மற்ற ஊர்ப் பாட்டில் இல்லாத ஒன்று உண்டு. 'டோப்படெலிக்ஸ்', 'செவன் பண்டாய்ஸ்' போன்ற குழுக்களின் பாட்டுகளில் ஹிந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் நாலும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு வரும். 'பண்டாய்' என்பது மும்பைத் தெருக்களில் கூட்டாளியைக் குறிக்கும் சொல். குழுவில் இருப்பவர்களின் வீட்டு மொழி வேறு வேறு, கல்லி ஒன்று.

இது ஒரு நாளில் வந்ததல்ல. சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியில் கோலி மீனவர்கள் ஆதிக் குடிகள். கும்பர்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் சூளை போட்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். இட்லி அவித்துச் சைக்கிளில் நகரமெங்கும் கொண்டுபோய் விற்கிற தொழிலைத் தமிழர்கள் வளர்த்தார்கள். தை பிறந்தால் 90 அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டித் தமிழ்ப் பெண்கள் பொங்கல் வைக்கும் காட்சியைப் படம் பிடிக்காத பத்திரிகை இல்லை.

சோதனைகளும் வந்தன. 1966-ல் சிவசேனை தொடங்கிய பிறகு, லுங்கி கட்டியவன் என்று தென்னிந்தியரைக் கேலி செய்து விரட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த நாட்களில் வெளியே தமிழில் பேசவே தயங்கியவர்கள் உண்டு. 1992, 1993 கலவரங்களிலும் தாராவி பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தத் தலைமுறையின் பேரன் இன்று மேடையில் ஏறி ஒரு வரி மராத்தியும் ஒரு வரி தமிழும் பாடுகிறான். கீழே நிற்கும் மராத்திப் பையன் இரண்டுக்கும் கை தட்டுகிறான்.

பாட்டின் பொருளும் தெருவிலிருந்தே வருகிறது. தண்ணீர்க் குழாய், பொதுக் கக்கூஸ் வரிசை, பத்தாவது பரீட்சை, வேலை இல்லாத அண்ணன், சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போகும் போலீஸ். டோப்படெலிக்ஸ் குழுவினரின் மராத்திப் பாட்டு ஒன்றின் தலைப்பு, 'அம்மா சத்தியமா ஸார், நான் இல்லை' என்று பொருள்படும். நீளமுடியும் பச்சை குத்திய கையும் இருந்தாலே குற்றவாளி என்று பார்க்கும் கண்ணுக்குச் சொன்ன பதில் அது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்த வட்டத்தில் பெண் பிள்ளைகள் குறைவு. இருட்டிய பிறகு தெருமுனையில் நின்று பாடுகிற கலைக்கு மகளை அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? நாலு சுவருக்குள் வகுப்பு நடக்கிற இடத்தில்தான் அவர்களுக்கு வழி பிறக்கிறது.

படக்காரர்கள் வந்தார்கள்

1987-ல் 'நாயகன்' வந்தபோது தாராவியைச் சென்னை ஸ்டூடியோவில் செட் போட்டுக் காட்டினார்கள். 2018-ல் பா. ரஞ்சித் இயக்கிய 'காலா' வந்தபோது டோப்படெலிக்ஸ் பிள்ளைகளே பாட்டில் குரல் கொடுத்தார்கள். சந்தோஷ் நாராயணன் இசையில் ரஜினி படத்தில் தாராவிக் குரல் ஒலித்தது. தியேட்டரில் உட்கார்ந்து அதைக் கேட்ட பெற்றோருக்கு, பையன் வெறுமனே ஊர் சுற்றவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில் ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' வந்தது. கதாநாயகன் தாராவிப் பையன். ஆனால் அந்தக் கதைக்கு உந்துதலாக இருந்த பாடகர்களில் நேஸி குர்லாக்காரர், டிவைன் அந்தேரிக்காரர். படம் ஓடியது, பெயர் தாராவிக்குக் கிடைத்தது. பத்திரிகைக்காரர்களும் இசைக் கம்பெனிக்காரர்களும் சுற்றுலாப் பயணிகளும் கல்லி கல்லியாக வந்தார்கள். சில பிள்ளைகளுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. பலருக்குக் கிடைத்தது போட்டோ மட்டுமே.

"சோறு போடுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தகப்பன் தாராவியில் இல்லை. ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு ரயிலேறி வந்து, தோல் குடோனிலும் மில்லிலும் ஆபீசிலும் உழைத்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. பதில் நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலோருக்குப் போடாது. பகலில் கூரியர் வேலை, கால் சென்டர், டெலிவரி, இரவில் பாட்டு. இதுதான் பலரின் நடைமுறை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தாராவித் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் ஆங்கில மீடியத்திலும் ஹிந்தி மீடியத்திலும் படிக்கிறார்கள். வீட்டில் நெல்லைத் தமிழ் பேசுவார்கள். பேருந்துப் பலகையைத் தமிழில் எழுதி வைத்தால் எழுத்துக் கூட்டத் தெரியாது. அப்படிப்பட்ட பையன் பாட்டுக் கட்டும்போது எதுகை தேடுகிறான். பாட்டியிடம் போய், "ஆச்சி, இதுக்கு இன்னொரு சொல்லு சொல்லுங்க" என்கிறான். மொழியை வேண்டி வந்து கேட்கிற பிள்ளையை எந்தத் தமிழ்ச் சங்கம் இதுவரை உண்டாக்கியது? சங்கங்களின் ஆண்டு விழாவில் பட்டிமன்றத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் நேரம் ஒதுக்குகிறவர்கள் இவர்களுக்கும் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் குறைந்துபோய்விடாது.

கல்லி போனால் பாட்டு எங்கே?

இப்போது பெரிய கேள்வி வருகிறது. தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு 2004 முதலே நடந்தது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு டெண்டர் கேட்டு அதானி குழுமம் முன்னிலை பெற்றது. 2023 ஜூலையில் அரசு வேலையை ஒப்படைத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது.

விதி இதுதான். 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. அது தாராவிக்கு வெளியே. மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியேதான், அதுவும் வாடகை அல்லது தவணை முறையில்.

இந்த விதியைக் கல்லியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். நாலு பேர் சேர்ந்த பாட்டுக் குழுவில் ஒருவன் தரைத்தளம், தாத்தா காலத்து ரேஷன் கார்டு இருக்கிறது. அவன் இங்கே இருப்பான். இரண்டாமவன் மாடி. மூன்றாமவன் குடும்பம் 2005-ல் வந்தது. நாலாமவனிடம் எந்தக் காகிதமும் இல்லை. நல்ல வீடும் தனிக் கக்கூசும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவை நூறு வருஷம் முன்பே கிடைத்திருக்க வேண்டியவை. ஆனால் நாலு பேரும் நாலு திசைக்குப் போனால் அந்த நாலு மொழிப் பாட்டு எந்தத் தெருமுனையில் கூடும்? லிப்ட் வைத்த கட்டிடத்தின் பதினைந்தாவது மாடி வராந்தாவில் வட்டம் போட்டுப் பாட வாட்ச்மேன் விடுவானா?

பிராங்க்ஸ்காரர்கள் இந்தச் சிக்கலையும் பார்த்தவர்கள். 2007-ல் அந்த 1520-ம் எண் கட்டிடம் கைமாறி வாடகை ஏறிவிடும் என்ற நிலை வந்தபோது குடியிருந்தவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். "ஹிப் ஹாப் பிறந்த வீடு இது" என்று எடுத்துச் சொன்னார்கள். கூல் ஹெர்க்கும் அவர்கள் பக்கம் நின்றார். கட்டிடத்தின் சரித்திர மதிப்பை நியூயார்க் மாநில அரசு ஒப்புக்கொண்டது. பிள்ளைகளின் ஆட்டமும் பாட்டும் பெரியவர்களின் குடியிருப்பு உரிமைக்குத் துணை வந்தன!

தாராவியிலும் அது நடக்காது என்று சொல்வதற்கில்லை. புதுக் கட்டிடங்களின் வரைபடத்தில் கடை, பார்க்கிங், ஆபீஸ் என்று கோடு போடும்போது, பிள்ளைகள் கூடிப் பாட ஓர் அறையும் ஒரு முற்றமும் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் கேட்கலாம். கேட்பதற்குக் காசு ஆகாது. கணக்கெடுப்புத் தாளில் கையெழுத்துப் போடும் முன் கேட்பதுதான் முக்கியம். பாட்டுக்கார மகனும் ரேஷன் கார்டைத் தேடும் தகப்பனும் ஒரே கூட்டத்துக்குப் போக வேண்டிய காலம் இது. இடம் இருவருக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருக்கிறது.