கிடாருக்கும் கொஞ்சம் தொப்பை வேணும்!

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். சுண்டல், பலூன், குழந்தைகள்... நடுவே எங்காவது ஒரு இளைஞர் கிடாரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அந்தக் கிடாரின் முன்பக்கப் பலகை தட்டையா, வளைவா?

'தட்டைதான்' என்பீர்கள். கடைக்காரரும் 'ஃப்ளாட் டாப்' என்றுதான் பில் போடுவார். ஆனால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் தொடும், இரண்டு ஓரமும் தூக்கிக் கொண்டு நிற்கும். அதாவது, லேசான தொப்பை!

எனக்கு இது தெரிய வந்தது ஒரு நண்பனால். தனியார் கம்பெனியில் அக்கவுன்டன்ட். இரண்டு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், கையால் செய்த கிடார்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். நம்ம ஊர்ப் பக்கம் இது நடக்காத காரியமில்லை. ஆரோவில்லில் எரிசா நியோகி போன்றவர்கள் கையாலேயே கிடார் செய்து பெயர் வாங்கியிருக்கிறார்கள். நண்பன் பிடித்தது வேறொரு மரவேலைக்காரரை. துணைக்கு நானும் போனேன்.

''தம்பி, மேல் பலகைக்கு வளைவு எவ்வளவு வைக்கட்டும்? இருபத்தஞ்சு அடியா, இருபத்தெட்டா, நாற்பதா?'' என்றார் அவர்.

''என்னண்ணே, கிடாரே மூணரை அடிதானே!'' என்றான் நண்பன்.

சிரித்துவிட்டு விளக்கினார். 25 அடி ஆரமுள்ள ஒரு பிரம்மாண்டமான பந்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அதன் தோலிலிருந்து கிடார் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினால் எவ்வளவு வளைவு இருக்குமோ, அவ்வளவு. பந்து பெரிதாகப் பெரிதாக, வளைவு குறையும்.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? கால்குலேட்டரைத் தட்டினேன். கிடாரின் அகலமான இடம் சுமார் 400 மில்லிமீட்டர். அதில் பாதியை அதாலேயே பெருக்கி, ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் விடை. 25 அடிக்கு 2.6 மில்லிமீட்டர். 28 அடிக்கு 2.3. 40 அடிக்கு 1.6. முதுகுப் பலகைக்கு வழக்கமாக வைக்கும் 15 அடிக்கு 4.4.

அடச்சே, ஒரு மில்லிமீட்டருக்கா இவ்வளவு யோசனை?

யோசிக்கத்தான் வேண்டும் ஸார்! ஆறு ஸ்டீல் கம்பிகளையும் முறுக்கி சுருதி சேர்த்தால், மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. தடிமன் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பலகை, ராத்திரி பகலாக அதைத் தாங்க வேண்டும். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மேலே தூக்கும், முன்னால் உள்ளே அமுங்கும். முட்டை ஓடு மாதிரி கொஞ்சம் வளைந்திருந்தால் அதே பலகை கூடுதல் பலம் காட்டும்.

இரண்டாவது காரணம், நம்ம புதுச்சேரிக் காற்று. ஸ்ப்ரூஸ் மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், வறட்சியில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்திலிருந்து ஐப்பசி மழைக்கால 80 சதவீதத்துக்கு ஏறி, அப்படியே நீடித்தால், அந்த 400 மில்லிமீட்டர் பலகை மூன்று, நான்கு மில்லிமீட்டர் விரியப் பார்க்கும். உள்ளே குறுக்கே ஒட்டிய பட்டைகள் விடாது. எங்கே போகும்? மேலே உப்பும். கம்பி உயர்ந்து, விரல் வலிக்கும்.

காய்ந்தால் கதை தலைகீழ். தட்டையாக ஒட்டிய பலகைக்குச் சுருங்க இடமில்லை, விரிசல்தான். வளைவு இருந்தால், முதலில் அந்த வளைவு தணிந்து பலகையைக் காப்பாற்றும். எங்கள் பாஷையில் சொன்னால் ரிசர்வ் ஃபண்ட்!

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், பட்டை ஒட்டும் அறையில் ஈரப்பதத்தை 45, 50 சதவீதத்தில் அடக்கி வைக்கிறார்கள். மழைநாளில் ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டிய கிடார், வறண்ட காற்றில் வாயைப் பிளந்துவிடும்.

அப்படியானால் நிறைய வளைத்துவிட்டால்? அந்த வழியில் போனவர் அமெரிக்காவின் ஆர்வில் கிப்ஸன். கெட்டிப் பலகையை வயலின் மாதிரி செதுக்கி வளைத்து, 1898-ல் பேடன்ட் வாங்கினார். அந்த வழியில் 1922-ல் கிப்ஸன் கம்பெனியின் எல்-5 கிடார் வந்தது. நம்ம விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையும் இந்த ரகத்திலிருந்து மாற்றியமைத்ததுதான். அதில் ஏறி உட்கார்ந்திருக்கும் தரப் கம்பிக் கூட்டத்தைத் தாங்க வளைவு உதவுகிறது. ரை கூடருடன் அதை வாசித்துத்தான் 1994-ல் கிராமி விருது வாங்கினார்.

ஆனால் வளைவு ஏற ஏற பலகை விறைக்கும். சத்தம் கூர்மையாக, 'டங்'கென்று முன்னால் வரும். குறைந்தால் கீழ்ஸ்தாயி தாராளமாக, இதமாக இருக்கும் என்பது செய்பவர்கள் பலரின் அனுபவம். போதாக்குறைக்கு, வளைவு கூடினால் பிரிட்ஜும் உயரும். கழுத்தை ஒட்டும் கோணத்தையும் மாற்றியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் எங்கெல்லாம் இழுத்துப் போகிறது, பார்த்தீர்களா?

''நீ விரலால மெதுவா வாசிக்கிறவன். நாற்பது வெச்சா சத்தம் உனக்குப் பிடிக்கும், ஆனா இந்தக் கடல் காத்துக்கு எனக்கு பயம். இருபத்தெட்டு வெச்சுக்க. பட்டையை மெலிசா இழைச்சு இதம் கொண்டு வர்றது என் பொறுப்பு'' என்றார் பெரியவர். நண்பன் தலையாட்டினான். சீட்டுப் பணம் கை மாறியது.

கிடார் வைத்திருக்கும் நண்பர்களே, மாதம் ஒரு முறை அந்த ஸ்கேல் சோதனையைச் செய்யுங்கள். ஓரத்து இடைவெளி சட்டென்று கூடினால் ஈரம் அதிகம். உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். இடைவெளியே காணோம் என்றால் வறட்சி, ஏ.ஸி. அறையில் வெளியே கிடத்தாமல் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் கிடாரை விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போகாதீர்கள்.

ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து நாம் வளர்ப்பதும் தொப்பைதான். என்ன ஒன்று... அதை 2.3 மில்லிமீட்டரில் நிறுத்திக் கொடுக்கத்தான் ஊரில் ஆள் இல்லை!