அயல்நாட்டுச் சாலையில் அடிபட்டால்

மோட்டார் சைக்கிளில் பல நாடுகளைக் கடந்து செல்ல விரும்பும் பிரயாணிக்கு வண்டியைப் பற்றிய கவலையே பெரிதாக இருப்பது வழக்கம். சங்கிலி அறுந்தால் என்ன செய்வது, டயர் வெடித்தால் எங்கே போவது என்றெல்லாம் அவர் பல மாதங்கள் யோசித்து வைத்திருப்பார். தம் உடம்பு பழுதுபட்டால் என்ன செய்வது என்பதை யோசித்தவர்கள் மிகச் சிலரே. அதைப் பற்றியே இங்கு சிறிது ஆராய்வோம்.

1982ஆம் ஆண்டில் எல்ஸ்பெத் பியர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி தன்னந்தனியாக ஒரு பி.எம்.டபிள்யூ வண்டியில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அப்போது அவர் கட்டடக்கலை மாணவி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் விபத்துக்கு உள்ளாகித் தலையில் அடிபட்டு, சுமார் இரண்டு வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பின்னர் தாய்லாந்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடியதால் மீண்டும் விழுந்தார். அங்கே ஓர் ஏழைக் குடும்பத்தினர் அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பராமரித்தனர். அதன் பிறகே அவர் பயணத்தைத் தொடர்ந்து, பினாங்கிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1984இல் தாயகம் திரும்பியபோது அவர் ஏறக்குறைய 35,000 மைல்களைக் கடந்திருந்தார். இரு முறையும் அவருடைய பயணத்தைக் காத்தவை அவர் ஓட்டாமல் தங்கியிருந்த நாட்களே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

விழுந்தவுடன் முதலில் செய்யத்தக்கவை சில உண்டு. எஞ்சினை நிறுத்த வேண்டும். குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ வலியிருந்தால் உடலை அசைக்கலாகாது. மூச்சுக்குத் தடையிருந்தாலன்றித் துணைவர்கள் தலைக்கவசத்தைக் கழற்ற முற்படலாகாது. மண்பட்ட காயத்தை நீரால் நன்கு கழுவி, வில்வாத ஜன்னியைத் தடுக்கும் ஊசி தேவையா என்று மருத்துவரைக் கேட்பது அவசியம்.

வெளியே தெரியாத காயங்களே அதிக ஏமாற்றம் தருபவை. தலையில் அடிபட்டவர் எழுந்து நடக்கலாம். தெளிவாகப் பேசவும் செய்யலாம். ஆயினும் தலைவலி ஏறிக்கொண்டே போவதும், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதும், மயக்கம்போன்ற தூக்கம் வருவதும் பேரபாயத்தின் அறிகுறிகள். அவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்ப்பிக்க வேண்டும். கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டிலுள்ள சிற்றெலும்பு முறிந்திருக்கக் கூடும். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே படத்தில் இம்முறிவு தென்படாமல் போவதுண்டு. ஆகவே அவ்விடத்தில் வலி இருப்பின், கட்டுப்போட்டு வைத்து, 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் படம் எடுத்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். இதைச் சுளுக்கென்று எண்ணி ஓட்டிச் சென்றால் எலும்பு கூடாமலே போகலாம்.

எப்போது மறுபடி புறப்படலாம்? முதற்கண் மருத்துவர் இசைவு வேண்டும். அடுத்து நம் உடம்பையும் கேட்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இடக்கை கிளட்சையும், இடக்கால் கியரையும், வலக்கை முன்பிரேக்கையும், வலக்கால் பின்பிரேக்கையும் ஆள்கின்றன. நான்கில் ஒன்று தளர்ந்தாலும் வண்டி நம் வசத்தில் இராது. நிறுத்திய வண்டியில் அமர்ந்து, இவை அனைத்தையும் வலியின்றிப் பலமுறை இயக்க முடிகிறதா என்று பார்க்கலாம். வலியை மறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு இச்சோதனையைச் செய்வதில் பயனில்லை.

இவ்வளவும் அறிந்தவர்கள்கூட அவசரப்படுவது ஏன்? வண்டியை அந்நாட்டினுள் வைத்திருக்கச் சுங்க இலாகா தரும் கெடுவும், விசாவின் கெடுவும் முடிந்துவிடுமே என்னும் அச்சமே பெரும்பாலும் காரணம். வண்டியை விட்டுவிட்டு விமானத்தில் ஊர் திரும்புவதற்கும் பல நாடுகளில் சுங்க அதிகாரியின் அனுமதி தேவை. ஆதலால் மருத்துவரிடம் எழுத்து மூலம் சான்று பெற்று, கெடு முடியுமுன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் நம் நாட்டுத் தூதரகத்தை அணுகலாம். இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் புறப்படுமுன் ஊன்றிப் படிப்பது நலம். மோட்டார் சைக்கிள் விபத்துக்கு ஈடு தர மறுக்கும் பத்திரங்களும் உண்டு. உரிய லைசென்ஸ் இல்லாதவருக்குப் பணம் கிடைப்பது அரிது.

இரத்த வகை, ஒவ்வாத மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அந்நாட்டு மொழியிலும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பயணத் திட்டத்தில் ஓய்வுக்கென்று சில வாரங்களையும், அதற்கான பணத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். தங்குவதற்கு நாளும் பொருளும் கையிலிருப்பவரே, அடிபட்ட நேரத்தில் நிதானமாக முடிவு செய்வார்.