மின்புலக் கணிப்பிற் சுற்றுவெளி

உயரழுத்த மின்கம்பியைத் தாங்கும் காவலியொன்றை வடிவமைப்போர், அதன் மேற்பரப்பில் மின்புலச் செறிவு எவ்விடத்து உச்சமடைகின்றது என்பதை முன்கூட்டியே அறிதல் வேண்டும். கடல்மட்டத்து வளி, சீரான புலத்தில், சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ற்று என்னும் அளவிலே தன் காவற்றன்மையை இழக்கின்றது. இவ்வுச்சத்தைக் கணிப்பதற்கு இன்று கணனி பயன்படுகின்றது. கருவியின் வடிவத்தை நுணுக்கமாக வரைவோரும் அதனைச் சூழ்ந்த வெற்றுவெளியைப் பொருட்படுத்தாது விடுவதுண்டு. ஆயின், புலத்தின் பெரும்பகுதி பரந்திருப்பது அவ்வெளியிலேயே ஆகும்.

புலமோ முடிவிலிவரை செல்வது. முடிவுள்ள மூலக முறையிற் கணிக்கப்படும் வெளியோ எங்கேனும் முடிவுற்றே ஆகவேண்டியது. அவ்வெல்லையில் அழுத்தம் பூச்சியம் எனக் கொள்வது வழக்கம். அவ்வாறு கொள்ளுதல், புவியுடன் தொடுக்கப்பட்ட உலோகச் சுவரொன்றை அவ்விடத்தில் எழுப்புவதற்கு ஒப்பாகும்.

அச்சுவரின் விளைவை எளியதோர் எடுத்துக்காட்டால் அளவிடலாம். குறித்த அழுத்தத்தில் தனித்து நிற்கும் கடத்திக் கோளமொன்றை அதே மையமுடைய கோளவெல்லை ஒன்று சூழ்வதாகக் கொள்வோம். எல்லையின் ஆரை கோளத்தின் ஆரையினும் 2 மடங்காயின், மேற்பரப்பின் புலச்செறிவு 100 நூற்றுவீதம் மிகைப்படுகின்றது. 5 மடங்காயின் வழு 25 நூற்றுவீதம். 10 மடங்காயின் 11 நூற்றுவீதம். ஏறத்தாழ 100 மடங்கு சென்றபின்னரே அது 1 நூற்றுவீதமாகக் குறைகின்றது. ஆரை 10 மடங்காகக் கனவளவு 1000 மடங்காகுமாதலின், எல்லையைத் தள்ளிவைத்தல் மட்டும் சிக்கனமான தீர்வன்று. வலையை நுண்மையாக்குதலும் இவ்வழுவை நீக்காது. பொருந்தாத மாதிரியையே அது மேலும் திருத்தமாகத் தீர்க்கும்.

விசைக்கோடுகள் எல்லையைக் கடவா எனக் கொள்வது மறுதலையான நிபந்தனையாகும். கடத்திகளின் அழுத்தங்கள் தரப்பட்டிருப்பின், இதிற் புலத்தின் மொத்தச் சக்தி உண்மையிலும் குறைவாகவும், முன்னையதில் மிகையாகவும் பெறப்படும். வலையினால் வரும் வழு சிறிதாயின், உண்மைச் சக்தி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே ஒரே கணிப்பை இரு நிபந்தனைகளிலும் செய்து பார்த்தல் நன்று. விடைகள் பெரிதும் வேறுபடின், எல்லை மிக அண்மையில் உள்ளது என்பது தெளிவாகும்.

வேறு வழிகளும் உள. மொத்த ஏற்றம் பூச்சியமல்லாத தொகுதியில், தொலைவில் அழுத்தம் தூரத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்பதையே எல்லை நிபந்தனையாக எழுதலாம். வில்லியம் தொம்சன் 1845 இற் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில்லுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கிய நேர்மாற்று முறையால், வெளிப்புறம் முழுவதையும் முடிவுள்ள கோளமொன்றினுள் அடக்கலாம். எல்லை மூலக முறையில் மேற்பரப்பு ஏற்றங்களே காணவேண்டிய கணியங்களாதலின், வெற்றுவெளிக்கு வலையே வேண்டியதில்லை.

எனினும், முடிவிலியும் ஒரு கற்பிதமே. காவலியின் கீழே நிலமும், அருகே உலோகக் கோபுரமும் உள. இவற்றை விடுத்து முடிவிலியைச் செம்மையாக அமைப்பதாற் பயனில்லை. எச்சூழலைச் சேர்ப்பது, எதனை விலக்குவது என்னும் தெரிவு வெறும் கணிதவசதி பற்றியதன்று. அது பொருளைப் பற்றிய ஒரு பௌதிகக் கூற்று. ஆதலால் ஆய்வேடுகளில் எல்லையின் வடிவம், தூரம், நிபந்தனை ஆகிய மூன்றும் குறிக்கப்படல் வேண்டும். அவையின்றிப் புலச்செறிவின் எண் மட்டும் தரப்படின், அதனைப் பிறர் சோதித்தல் இயலாது. அதனை நம்பிக் காவலி அமைத்தலும் தகாது.