நாங்கள் போடாத புள்ளடி

2012 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் குசினி மேசையில், எட்டு வருடப் பழைய கடன் பத்திரம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அடியில் என் கணவரின் கையெழுத்து, நீலப் பேனையில். அதற்குச் சற்று மேலே ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு புள்ளடி. விரலால் தடவிப் பார்த்தேன். கையெழுத்து விழுந்த இடத்தில் பேனை அழுத்திய தடம் தெரிந்தது, புள்ளடியில் அது இல்லை. மற்ற எழுத்துகளோடு சேர்ந்தே அச்சாகி வந்த புள்ளடி அது. பக்கத்தில் இருந்த வரி, கடன் கட்டுவதற்கான காப்புறுதி எனக்கு வேண்டும் என்றது.

இங்கிலாந்தில் எல்லோரும் 'பிபிஐ' என்று சொல்வது இந்தக் காப்புறுதியைத்தான். கடன் எடுத்தவர் நோயில் விழுந்தாலோ வேலையை இழந்தாலோ தவணைப் பணத்தைக் காப்புறுதி நிறுவனம் கட்டும். நல்ல ஏற்பாடுதான், பொருந்தியவருக்கு. ஆனால் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்காமலே விற்றார்கள். பெரும்பாலும் 1990க்கும் 2010க்கும் இடையில், ஆறு கோடிக்கு மேற்பட்ட காப்புறுதிகள் விற்கப்பட்டன. வீட்டுக் கடன், கடனட்டை, கடைகள் கொடுத்த அட்டை என்று ஒன்றையும் விடவில்லை.

எங்கள் கதை 2004 பங்குனியில் தொடங்கியது. இவர் தொழிற்சாலை வேலையை விட்டு, மினிகாப் ஓட்டத் தொடங்கியிருந்தார். கார் வாங்க 8,000 பவுண் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை மிகவும் அன்பாகப் பேசினாள். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொன்னாள். அதற்குள் காப்புறுதி இருக்கிறது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. கடன் கிடைத்தாலே போதும் என்ற நிலைமை. கேள்வி கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. கையெழுத்து வைத்துவிட்டு வந்தோம்.

காப்புறுதிக்கான கட்டணம் 1,600 பவுண். அதை மாதா மாதம் தனியாக வாங்கவில்லை. முழுவதையும் முதல் நாளே கடனோடு கூட்டிவிட்டார்கள். ஆகவே 8,000 கேட்ட நாங்கள் 9,600க்கு வட்டி கட்டினோம். காப்புறுதிக்காக மட்டும் மாதம் 33 பவுண் வீதம் 60 மாதம், 1,980 பவுண். அதைவிடப் பெரிய கொடுமை, வேலை இழப்புக்கான பகுதி ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்காக எழுதப்பட்டது. சொந்தமாக மினிகாப் ஓட்டும் ஒருவர் ஓட்டம் இல்லை என்று சொல்லி அதில் ஒரு சதமும் எடுத்திருக்க முடியாது. வங்கிக்கு இவருடைய தொழில் தெரியும். அதே பத்திரத்தில் 'சுயதொழில்' என்று பதிந்திருக்கிறார்கள்.

இப்படி ஏமாந்தவர்கள் பல வகை. காப்புறுதி எடுத்தால்தான் கடன் என்று சொல்லப்பட்டவர்கள், ஓய்வூதியத்தில் இருந்தும் வேலை இழப்புக் காப்புறுதி விற்கப்பட்டவர்கள், ஏற்கெனவே இருந்த முதுகு வலிக்கு அது உதவாது என்று சொல்லப்படாதவர்கள். எங்கள் தெருவிலேயே மூன்று வகையிலும் ஆட்கள் இருந்தார்கள்.

திருப்பிக் கேட்கும் வழி தானாகத் திறக்கவில்லை. 2005 செப்டம்பரில், மக்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இந்த விற்பனை பற்றி அரசின் நியாய வர்த்தக அலுவலகத்திடம் பெரிய முறைப்பாடு ஒன்றைக் கொடுத்தது. 2010இல் அன்றைய நிதிச் சேவைகள் ஆணையம், வங்கிகள் இந்த முறைப்பாடுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அதை எதிர்த்து வங்கிகளின் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. 2011 ஏப்ரலில் வழக்குத் தோற்றது. மேன்முறையீடு செய்வதில்லை என்று அடுத்த மாதமே அறிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்களின் கடிதங்களுக்கு மரியாதை வந்தது.

"விடும். முடிஞ்ச கடனுக்கு இப்ப ஏன் மல்லுக்கு நிக்கிறீர்?" என்றார் இவர்.

"கடன் முடிஞ்சது. கணக்கு முடியேல்லை. நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றேன்.

ஒரு பக்கக் கடிதம்தான் எழுதினேன். கடன் இலக்கம், திகதி, இவருடைய தொழில், அச்சுப் புள்ளடி. பதில் சொல்ல வங்கிக்கு எட்டு வாரம் உண்டு. ஏழாவது வாரத்தில் பதில் வந்தது: கையெழுத்து உங்களுடையது, விற்பனையில் பிழை இல்லை. பலர் அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். ஆனால் அதே கடிதத்தின் கடைசிப் பந்தியில், ஆறு மாதத்துக்குள், இப்படியான பிணக்குகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்று இருந்தது. அதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் தேவையில்லை. படிவத்தை நிரப்பி, பத்திரத்தின் நகலை இணைத்து அனுப்பினேன்.

அங்கே காத்திருந்தவர்கள் ஏராளம். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2013 இலையுதிர் காலத்தில் முடிவு எங்கள் பக்கம் வந்தது. கட்டிய 1,980 பவுணையும் திருப்பித் தந்தார்கள். அந்தப் பணம் எங்களிடம் இல்லாமற்போன காலத்துக்கு வருடம் 8% தனிவட்டி, ஏறக்குறைய 1,100 பவுண். அந்த வட்டியில் மட்டும் 20% வரி பிடித்தார்கள். கைக்கு வந்தது 2,860 பவுண். வருமானம் குறைந்தவர்கள் அந்த வரியையும் நான்கு வருடத்துக்குள் வரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். அது தெரியாமலே விட்டவர்கள் பலர்.

செய்தி பரவியதும் எங்கள் குசினி மேசைக்குச் சனிக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் பக்கத்துத் தெரு அக்கா அழாக்குறையாக வந்தார். தொலைபேசியில் வந்த ஒரு நிறுவனம் 'நாங்கள் எடுத்துத் தாறம்' என்று சொல்லி, கிடைத்த 3,000 பவுணில் 900ஐ எடுத்துக்கொண்டது. அவர்கள் செய்த வேலை, நான் செய்த அதே கடித வேலைதான். இந்தக் கட்டணத்துக்கு 20%, அதோடு வற் வரி என்று 2018இல்தான் உச்சவரம்பு வந்தது. ஒரு கடிதம் எழுதத் தயங்கியதால் எங்கள் சனம் இரண்டாம் முறையும் பணம் இழந்ததை நினைக்க எனக்கு இன்றும் மனம் எரிகிறது.

பிளெவின் என்பவரின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னொரு கதவைத் திறந்தது. அந்த வழக்கில், காப்புறுதிக்காகக் கட்டிய ஒவ்வொரு நூறு பவுணிலும் கிட்டத்தட்ட 72 பவுண் தரகுப் பணமாகப் போயிருந்தது. அதைக் கடன் வாங்கியவருக்குச் சொல்லவே இல்லை. இவ்வளவு பெரிய தரகை மறைப்பது நியாயமற்ற உறவு என்று, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். விற்பனையில் பிழை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலரால் இதை வைத்து மறுபடியும் கேட்க முடிந்தது.

கேட்பதற்கான கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. எல்லாமாக வங்கிகளும் கடன் நிறுவனங்களும் திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுணுக்கு மேல்.

பிபிஐ கதவு மூடிவிட்டது. ஆனால் மறைத்த தரகு அதோடு ஒழிந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் கார்க் கடன் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்ட மூவரில் ஒருவர் வென்றார், பிளெவின் வழக்கின் அதே சட்டப் பிரிவில். அவருடைய கடன் செலவில் பாதிக்கு மேல் கார் விற்றவருக்குத் தரகாகப் போயிருந்தது. தொடர்ந்து, பழைய நிதிச் சேவைகள் ஆணையத்தின் இடத்துக்கு வந்த நிதி நடத்தை ஆணையம் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. 2007 ஏப்ரலில் இருந்து 2024 நவம்பர் 1 வரை கடனில் கார் எடுத்தவர்கள் பத்திரத்தைத் தேடி வையுங்கள். கடன் தந்த நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள். இடையில் யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள்.

போன மாதம் மகன் கடனில் கார் எடுக்கப் போனான். கையெழுத்து வைக்கமுன் பத்திரத்தைக் காகிதத்தில் தரச் சொல்லிக் கேட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"அம்மா, இதில அவங்களுக்கு எவ்வளவு போகுது எண்டு கேட்டு எழுதி வாங்கியிருக்கிறன். நீங்களும் ஒருக்கா பாருங்கோ."

அதே மேசையில் விரித்து, முதலில் பெட்டிகளைத்தான் பார்த்தேன். எல்லாம் வெறுமையாக இருந்தன. பேனையை அவனிடம் கொடுத்தேன்.