மட்கார்டுக்குள் எவ்வளவு இடம்?

புது ஸ்விஃப்ட் ஒன்றின் முன் டயருக்கும் அதன் தலைக்கு மேலே இருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே கையை விட்டால் நான்கு விரல் தாராளமாக நுழையும். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒருமுறை கவனித்துவிட்டவருக்கோ அதற்குப் பிறகு அந்தக் காரில் வேறெதுவும் கண்ணில் படாது. வண்டியை ஒன்றரை அங்குலம் இறக்க வேண்டும், டயர் பட்டையாக வேண்டும், வீல் மட்கார்டின் விளிம்புவரை வெளியே வந்து நிற்க வேண்டும் என்று மூன்று ஆசைகள் வரிசையாக வரும். பணம் இருந்தால் மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தரக் கடைகள் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று ஆசைகளும் கேட்பது அதே நான்கு விரல் இடத்தைத்தான்.

அந்த இடம் சும்மா விட்டதல்ல. பள்ளத்தில் விழுந்து ஏறும்போது சக்கரம் மேலே வரும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயரின் முன் ஓரமும் பின் ஓரமும் பக்கவாட்டில் விசிறிபோல வீசி வரும். ஐந்து பேரும் ஊருக்குக் கொண்டுபோகும் அரிசி மூட்டையும் ஏறினால் வண்டியே கீழே இறங்கும். இந்த மூன்றும் ஒரே நொடியில் நடந்தாலும் ரப்பர் தகரத்தைத் தொடக்கூடாது என்று கணக்குப் போட்டு வைத்த இடம் அது. நின்றிருக்கும் வண்டியில் விரலை விட்டு, 'இவ்வளவு இடம் இருக்கே' என்று சொல்வதற்கு அதனால் பெரிய மதிப்பில்லை.

முதலில் டயரைப் பார்ப்போம். 2018-இல் வந்த ஸ்விஃப்டின் கீழ் ரகங்களில் 165/80 ஆர்14 என்ற அளவு டயர் வந்தது. 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரிம்மின் 355.6 மி.மீ.யோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவரைக் கூட்டினால் முழு டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ. இதே காரின் உயர் ரகத்தில் 185/65 ஆர்15 வந்தது. அதைக் கணக்கிட்டால் 621.5. அகலம் 20 மி.மீ. கூடியும் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய் 195/55 ஆர்16 போட்டால் 621. இந்த வரிசையைத் தற்செயல் என்று நினைக்க வேண்டாம். ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தைக் காப்பாற்றும் கலை இது. மொத்த உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் தப்பு சொல்லும், கியர் விகிதம் மாறியதுபோல வண்டி மந்தமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நான்கு விரல் கரையும். 'ஒரு சைஸ்தானே கூட' என்று 205/55 ஆர்16 மாட்டினால் விட்டம் 632-க்குப் போய்விடும்.

பட்டை டயர் போட்டால் ரோட்டில் அதிக ரப்பர் படியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. டயரைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. ஒரு முன் சக்கரத்தின்மேல் 300 கிலோ இருக்கிறது, காற்று 30 பவுண்டு அடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், தரையில் படியும் பரப்பு சுமார் 140 சதுர செ.மீ., அதாவது விரித்த உள்ளங்கை அளவு. டயர் பட்டையானாலும் எடையும் காற்றழுத்தமும் அதேதான் என்பதால் இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதன் வடிவம். ஒடுக்கமான டயரில் அது முன்பின்னாக நீண்டிருக்கும். பட்டை டயரில் நீளம் குறைந்து குறுக்கே விரிந்திருக்கும். குறுக்கே விரிந்த பரப்பும் குட்டையான பக்கச்சுவரும் சேர்ந்தால் வளைவில் டயர் மடங்குவது குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்திலேயே வண்டி திரும்பும். பிடிப்பு கூடுவதில் ரப்பரின் கலவைக்கும் பெரிய பங்கு உண்டு. மலிவான பட்டை டயரைவிட நல்ல கலவையில் செய்த ஒடுக்கமான டயர் நன்றாகப் பிடிக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இதற்கு விலையும் உண்டு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில், பட்டை டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ள முடியாத வேகத்தில் தண்ணீரின் மேலேயே மிதந்துவிடும். அப்போது பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மைலேஜும் குறையும். அலாய் என்றாலே இலேசு என்பதும் தவறான நம்பிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் 16 அங்குல வார்ப்பு அலாய் சிலது, கம்பெனி போட்டுத் தந்த 14 அங்குல இரும்பு டிஸ்க்கைவிடக் கனமாக இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் சக்கரத்தைப் பள்ளத்திலிருந்து மெதுவாகவே மீள வைக்கும்.

அடுத்து ரிம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஸ்விஃப்டுக்கு நான்கு நட்டு, அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. ஃபோர்டு ஃபிகோவுக்கும் நான்கு நட்டுதான், ஆனால் வட்டம் 108. இது ஏறாது, அதனால் பிரச்சினையும் இல்லை. வம்பு வருவது ஏறக்கூடியதில். ஹோண்டா சிட்டியின் பழைய அலாய்க்கு அதே 4, அதே 100. ஸ்விஃப்டில் அழகாக ஏறி உட்காரும். ஆனால் ஸ்விஃப்டில் வீல் உட்காரும் ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வளையம் 54.1 மி.மீ.; சிட்டி வீலின் நடுத்துளை 56.1. அந்த 2 மி.மீ. தளர்வால் வீல் ஹப்பில் தங்காமல் நட்டுகளின் பிடியிலேயே தொங்கும். 80, 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது. இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம் போட்டால் போதும், சில நூறு ரூபாய் வேலை. இன்னொன்றும் இருக்கிறது. ஹோண்டா வீலில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம், ஸ்விஃப்டின் நட்டோ கூம்பு. கூம்பு நட்டு உருண்டைக் குழியில் ஓரத்தை மட்டும் கவ்வும். எவ்வளவு முறுக்கினாலும் அது முறுக்கிய மாதிரி தெரியுமே தவிர, பிடித்திருக்காது.

ஆஃப்செட் என்ற எண் வீலின் உட்பக்கம் பொறித்திருக்கும். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டால், ஹப்பில் உட்காரும் முகம் அதிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதை இந்த எண் சொல்கிறது. ஐந்தரை அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, ஏழு அங்குலமும் 40 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டுகிறோம் என்று வையுங்கள். கணக்குப் பார்த்தால் புது ரிம் உள்ளே ஷாக் அப்சார்பர் பக்கம் 14 மி.மீ. நெருங்கும், வெளியே மட்கார்டு பக்கம் 24 மி.மீ. வரும். இரண்டு பக்கமும் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வீல் வாங்குகிறவர்கள் குறைவு. வாங்கிய பிறகு உள்ளே உரசினால் ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவார்கள். வெளியே உரசினால் மட்கார்டைத் தட்டுவார்கள். வீல் வெளியே போகப்போக ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும், வீல் பேரிங் சீக்கிரம் முனகத் தொடங்கும்.

இனி இறக்கும் வேலை. இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: 30 மி.மீ. இறக்குவதில் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத்தான். வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறும் எடை, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் இருக்கும்போது 30 மி.மீ. குறைத்தால் மிஞ்சிப்போனால் ஆறு சதவீதம் மிச்சம். ஓட்டுகிறவர் உணரும் மாற்றம் ஸ்பிரிங் கடினமானதால் வருவது. அதிகமாக இறக்கினால் எதிர்விளைவும் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை, சக்கரத்தை நோக்கிச் சாய்வாக இறங்கியிருப்பது, வண்டி இறங்கியதும் கிடைமட்டமாகி, பிறகு மேல்நோக்கிச் சாயும். அப்போது வண்டி எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், வண்டியைவிட வேகமாகக் கீழே போய்விடும். பார்ப்பதற்கு ரேஸ் கார், வளைவிலோ முன்பைவிடச் சாயத் துடிக்கும். இதைத் தடுக்கத்தான் ஸ்பிரிங்கைக் கல்லாக்க வேண்டியிருக்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும், அதுகூடப் பரவாயில்லை. வெட்டிய முனை அதன் தட்டில் சரியாக உட்காராது. ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்கும்போதோ, வேகத்தடையில் பறந்து இறங்கும்போதோ ஸ்பிரிங் இடம் விட்டுக் கழன்றுகொள்ளலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது அதைவிட மோசம். அந்த எஃகு அதற்குப் பிறகு ஸ்பிரிங்கே இல்லை. அந்தக் காருக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங்கை, அதற்கேற்ற ஷாக் அப்சார்பரோடு போடுவதே முறை.

இடம் போதுமா என்று பார்க்க, நல்ல பட்டறைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள். இப்போது சக்கரத்தைத் தடுக்க எதுவும் இல்லை. டயரின் தோளில் சுண்ணப்பொடியைத் தடவி, கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றுவார்கள். சக்கரம் மட்கார்டுக்குள் ஏறிக்கொண்டே போய், ரப்பர் தடுப்பு நசுங்கும் இடத்தில் நிற்கும். வீதியில் அதிகபட்சம் அது எங்கே போகுமோ அந்த இடம். அங்கே நிறுத்தி ஒருவர் ஸ்டியரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாகச் சுற்றுவார். இன்னொருவர் டார்ச்சோடு குனிந்திருப்பார். பிறகு ஜாக்கியை இறக்கிப் பார்த்தால் வெள்ளைக் கோடு உண்மையைச் சொல்லும். முன்சக்கரத்தில் பெரும்பாலும் பின்பக்க பிளாஸ்டிக் லைனரின் மூலையில் இருக்கும்; சிலவற்றில் உள்ளே ஸ்பிரிங் தட்டுக்குப் பக்கத்தில். பின்சக்கரத்தில் மட்கார்டு விளிம்பின் உள்மடிப்பில் கத்திக்கீறல்போல ஒரு கோடு விழுந்திருக்கும். அந்த மடிப்பு நான்கு பேர் ஏறிய வண்டியில் டயரின் பக்கச்சுவரைச் சீவிவிடக் கூடியது. அதைச் சூடாக்கி உருளையால் உள்ளே மடக்கலாம். சூடு போதாவிட்டால் பெயின்ட் வெடிக்கும். அங்கிருந்து துரு ஆரம்பிக்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் வண்டி ஓடப்போவது நம் ரோட்டில். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் உள்ள பந்தயத் தடங்களில் வேகத்தடை கிடையாது. வேகத்தடைக்கு நம் நாட்டில் ஒரு தரம் இருக்கிறது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. ஸ்விஃப்டின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2.45 மீட்டர். தரப்படி கட்டிய தடையில் முன், பின் சக்கரங்கள் இரண்டுமே ஏறி நிற்கும்போது, வயிற்றுக்கு நடுவில் தடை மேலே வருவது 4.4 செ.மீ. மட்டுமே. 163 மி.மீ. தரை இடைவெளியுள்ள வண்டியை 40 மி.மீ. இறக்கினாலும் அது தாராளமாகத் தாண்டிவிடும். தட்டுவது தெருமுனைகளில் நம்மவர்களே கட்டி வைத்திருக்கும் குறுகலான தடைகள். அதில் முன்சக்கரம் இறங்கிய பிறகும் பின்சக்கரம் ஏறியிருக்காது. தடையின் முழு உயரமும் வயிற்றுக்கு நேரே நிற்கும். ஆள் ஏறிய, இறக்கிய வண்டிக்குத் தடையின் உயரம் 12, 13 செ.மீ. இருந்தாலே போதும், அடி தட்டிவிடும். பள்ளத்தின் கதையும் இப்படித்தான். 132 மி.மீ. பக்கச்சுவர் தாங்கும் அடியை, 17 அங்குல ரிம்மில் 205/45 டயரின் 92 மி.மீ. சுவர் தாங்காது. ஒன்று டயரின் பக்கத்தில் கட்டிபோலப் புடைக்கும், இல்லையென்றால் ரிம் வளையும். வெடித்த அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் தந்த அசல் அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

ஆகவே என் கட்சி இது. கீழ் ரகம் வைத்திருப்பவர் உயர் ரகத்துக்குக் கம்பெனியே தந்த 185/65 ஆர்15-க்குப் போகலாம், நல்ல டயராக. ஓட்டும் சுகத்தில் கிடைக்க வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் 195/55 ஆர்16, ஆறு அல்லது ஆறரை அங்குல ரிம், இறக்கினால் 25 மி.மீ. என்பது பழுதில்லாமல் போகக்கூடிய எல்லை. ஆனால் சட்டத்தின் கேள்வி அங்கே கூடவே வரும். பழைய டயரில் 85 என்று இருக்கும் சுமைக் குறியீடு புதியதில் குறையக்கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 17 அங்குலம் நம் ரோட்டுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே இறக்கிவிட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். வண்டி இறங்கினால் சக்கரங்களின் கோணம் மாறியே தீரும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் உள்விளிம்பில் மட்டும் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் புதுசுபோலவே இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். டயருக்குப் பின்னால் கையை விட்டு உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று கம்பி கையில் குத்தினால் அன்றைக்கே டயரை மாற்றிவிடுங்கள்.