பெங்களூருவைப் பிடித்த தளபதி, 2 மாதத்தில் தன் பீரங்கிகளைத் தானே உடைத்தது ஏன்?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் அருகே, பழைய கோட்டை மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1791 மார்ச் 21 அன்று மதிலில் ஏற்பட்ட உடைப்பு வழியாக ஆங்கிலேயப் படை உள்ளே நுழைந்ததை அது சொல்கிறது. அதற்கு அடுத்து நடந்ததுதான் கதையில் முக்கியமான பகுதி. இரண்டே மாதத்தில், அதே படையின் தளபதி தன் கனரக பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

யார் அந்தத் தளபதி?

கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில், உதவிக் கப்பல்கள் வந்து சேராமல் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தவர் இவர்தான். திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர் போர் 1790-ல் தொடங்கியது. ஜெனரல் மெடோஸ் தலைமையில் முதல் ஆண்டு பெரிய பலன் கிடைக்கவில்லை. அதனால் 1791 தொடக்கத்தில் காரன்வாலிஸ் தானே களமிறங்கினார். மார்ச் 7-ல் பெங்களூரு பேட்டை விழுந்தது. மார்ச் 21 இரவு கோட்டையும் விழுந்தது. கோட்டைக் காவலர் பகதூர் கான் சண்டையிலேயே உயிரிழந்தார்.

பிறகு எங்கே சறுக்கினார்?

மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிக் கிளம்பினார். இன்று காரில் சில மணி நேரம்தான். ஆனால் சென்னபட்டணா வழியாகப் போகும் நேர் பாதையில் தீவனம், தானியம் எதுவும் மிஞ்சாமல் திப்பு அழித்து வைத்திருந்தார். சரி, கனகபுரா பக்கமாகச் சுற்றிப் போனால்? அங்கும் அதே நிலைதான்.

மே 15 அன்று அரகெரே சண்டையில் காரன்வாலிஸ் ஜெயித்தார். ஆனால் பீரங்கிகளை இழுப்பவை காளைகள். தீவனம் இல்லை, மழை வேறு. மாடுகள் செத்து விழுந்தன. வீரர்களுக்கு அரிசியும் தட்டுப்பட்டது. இழுக்க மாடில்லாத பீரங்கியை எதிரியிடம் விட்டுவிட முடியாது என்பதால், அவற்றை உடைத்துவிட்டு மே 26 அன்று திரும்பினார்.

வழியில் குதிரைப்படை ஒன்று வந்தது. முதலில் எதிரி என்றே நினைத்தார்கள். வந்தவர்கள் கூட்டாளிகளான மராத்தியர்கள், அதுவும் தானியத்தோடு! செய்தி கொண்டு வந்தவர்களைத் திப்புவின் ஆட்கள் மடக்கிவிட்டதால், நட்புப் படை இவ்வளவு அருகில் இருப்பதே காரன்வாலிஸுக்குத் தெரியவில்லை.

அடுத்த 8 மாதங்களில் என்ன மாறியது?

- பாதை: ஜூலையில் ஓசூர், ராயக்கோட்டையைப் பிடித்தார். சென்னையிலிருந்து பெங்களூருவுக்குச் சரக்கு வரும் வழி பத்திரமானது.
- கோட்டைகள்: அக்டோபரில் நந்தி மலையும் டிசம்பரில் சாவனதுர்காவும் விழுந்தன. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மட்டும் கைக்கு வரவில்லை.
- தானியம்: மாட்டுப் பொதிகளில் தானியம் ஏற்றிச் செல்லும் பஞ்சாரா வணிகர்களைப் படைக்குச் சப்ளை செய்ய வைத்தார்.

1792 பிப்ரவரியில் அவர் மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது படை பட்டினி கிடக்கவில்லை. மார்ச் மாத உடன்படிக்கையில் திப்பு தன் ராஜ்ஜியத்தில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். சின்ன வயது மகன்கள் இருவர் பிணையாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனி வசம் போயின.

அப்படியானால் திப்புவின் உத்தி தோற்றதா?

மே மாதத்தில் அது பலித்தது. களத்தில் தோற்ற பிறகும், எதிரியை அவரால் திருப்பி அனுப்ப முடிந்தது. ஆனால் எரிந்தது அவருடைய சொந்தக் குடிமக்களின் தானியம். அந்த உத்தி அவகாசத்தைத்தான் வாங்கித் தந்தது. அந்த அவகாசத்தைக் காரன்வாலிஸ் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

தளபதி என்றதும் வாளேந்திக் குதிரையில் பாயும் உருவம்தான் நம் மனதில் வரும். ஆனால் 1791-ல் போரின் போக்கை மாற்றியவை இரண்டு முடிவுகள்: ஜெயித்த கையோடு திரும்பிப் போவது, அடுத்த முறை கிளம்பும் முன் மாட்டுக்கும் மனிதருக்கும் சாப்பாட்டை உறுதி செய்வது. இன்று இந்திய ராணுவத்தின் வழங்கல் பிரிவான ஆர்மி சர்வீஸ் கோருக்குப் பயிற்சி தரும் மையம் இருப்பதும் இதே பெங்களூருவில்தான்.