கோலத்துக்கு ஒரு பாலம்
லேசர் இயந்திரம் கிடைத்தால் எதையும் வெட்டி விற்றுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? வீவக வீட்டு வாசலில் கோலமாவு தூவ ஒரு தகடு செய்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் சிக்குக் கோலத்தை அப்படியே வெட்டினால், கோடு சுற்றி வளைத்த பகுதிகள் எல்லாம் துண்டு துண்டாக விழுந்துவிடும். அவற்றைப் பிடித்து நிறுத்த, ஆங்காங்கே வெட்டாமல் சிறு ‘பாலங்கள்’ விட வேண்டும். மெலிந்தால் ஒடியும், அகன்றால் கோலம் அறுந்ததுபோல் தெரியும். எங்கே விடுவது என்பது மென்பொருளைவிடப் பாட்டிக்கு நன்றாகத் தெரியும். சிறு பட்டறையின் சொந்தச் சரக்கு அந்த முடிவுதான். இணையத்தில் கிடைக்கும் வடிவத்தை யாரும் வெட்டலாம்.

விலை போடும்போது பலகைக் காசுடன், வீணான மாதிரிகளையும் கருகிய ஓரத்தைத் தேய்க்கும் நேரத்தையும் சேருங்கள். கழுவ வசதி என்று பிவிசி தகட்டுக்கு மட்டும் மாறாதீர்கள். லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு நச்சுவாயு கிளம்பும், இயந்திரமும் துருப்பிடிக்கும்.